வல்லுநர் கணிப்புகள் வேறுபடுவது ஏன்?

பொருளாதாரத்தின் வருங்காலத்தைக் கணித்துக் கூறுவதையே தொழிலாகக் கொண்ட வல்லுநர் பலர் உளர். அமெரிக்காவில் இவர்தம் கணிப்புகளை 1968 முதல் மூன்று திங்களுக்கு ஒருமுறை திரட்டி வருகின்றனர். 1990 முதல் அப்பணியைப் பிலடெல்பியா பெடரல் ரிசர்வ் வங்கி நடத்துகிறது. அக்கணிப்புகள் ஒன்றோடொன்று ஒத்திருப்பதில்லை. அனைவரும் படிப்பவை அரசு வெளியிடும் அதே புள்ளி விவரங்கள்தாமே? பின்னர் ஏன் இந்த வேற்றுமை?

புதிய செய்தியை எல்லாரும் ஒரே காலத்தில் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது ஒரு விடை. செய்தியைத் தேடி ஆராய்தற்குக் காலமும் செலவும் வேண்டும். ஆதலின் சிலர் பழைய கணக்கையே சிலகாலம் வைத்திருப்பர். கிரகரி மான்கியூ, ரிக்கார்டோ ரைஸ் என்னும் அறிஞர் இருவரும் 2002இல் விலைவாசி ஆராய்ச்சியில் இக்கருத்தை விளக்கினர்.

ஆயினும், இது முழு விடையன்று. செய்தி வேற்றுமையே பெருங்காரணமாயின், புதுச்செய்தி மிகவும் பயன்படும் அண்மைக் காலக் கணிப்புகளிலேயே வேறுபாடு மிகுதல் வேண்டும். உண்மையோ வேறு. அடுத்த சில மாதங்களைப் பற்றிய கணிப்புகள் நெருங்கி நிற்கின்றன. தொலைக் காலத்தை நோக்குபவையே விலகி நிற்கின்றன. ஆண்ட்ரு பேட்டன், ஆலன் டிம்மர்மன் ஆகியோர் 2010இல் இதனை எடுத்துக் காட்டினர். தொலைக் காலத்தைப் பற்றி இன்றைய செய்தி கூறுவது சிறிதே. அங்கே கணிப்பை ஆள்வன, அவரவர் முன்னரே கொண்ட கொள்கையும் கையாளும் கணக்கு முறையுமாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 2022 ஜூனில் அமெரிக்க விலைவாசி உயர்வு 9.1 விழுக்காட்டை எட்டியது. அதனை அடக்க, சுழிக்கு அருகில் இருந்த வட்டி அவ்வாண்டு மார்ச்சு முதல் டிசம்பருக்குள் 4 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தப்பட்டது. வட்டி இவ்வாறு ஏறியபின் பெரும்பாலும் மந்தம் வந்ததென்னும் பழைய அனுபவத்தைப் பெரிதாக மதித்தவர், 2023இல் மந்தம் வருமென்றனர். வேலையின்மை 4 விழுக்காட்டுக்கும் குறைந்திருந்ததையும் குடும்பங்களின் சேமிப்பையும் பெரிதாக மதித்தவர், வாராது என்றனர். செய்தி ஒன்றே, நிறுக்கும் தராசுகள் வேறு. மந்தம் என்றவரே மிகப் பலர். ஆனால், 2023இல் அந்நாட்டுப் பொருளாதாரம் 2 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது.

எனவே, பலர் ஒத்துரைப்பது உண்மைக்குச் சான்றாகாது. கருத்து வேற்றுமை அறியாமைக்கு அடையாளமும் ஆகாது. நாளிதழில் கணிப்பின் சராசரி எண் ஒன்றைக் கண்டு வீட்டுக்கடன் வாங்கத் துணிவோர், அவ்வெண்ணின் இருபுறமும் கணிப்புகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்றும் கேட்டல் வேண்டும். அவ்விலகலும் ஓர் எச்சரிக்கையன்றோ?