விமானம் வருது, பந்தை அடிக்காதீங்க!

சென்னையில் செக்-இன் கவுன்டரிலேயே ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கழுத்து பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கடைசி ஐந்து நிமிடம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்காருங்கள். பொழுது விடிந்தபின் பாங்காக்கின் டான் முவாங்கில் இறங்குகிற விமானம் என்றால், சக்கரம் தரையைத் தொடும்போது வெளியே தெரிவது ஒரு கோல்ஃப் மைதானம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இல்லை ஐயா, உள்ளே! இரண்டு ரன்வேக்களுக்கு நடுவில், 18 குழிகளோடு, கொடி நட்டு, புல் வெட்டி, ஜம்மென்று.

ரன்வேக்கும் மைதானத்துக்கும் நடுவில் வேலி கிடையாது. விமானம் இறங்க வந்தால் ஆட்டக்காரர்களுக்குச் சிவப்பு விளக்கு எரியும். மட்டையை ஓங்கியவர் இறக்கிவிட்டு நிற்க வேண்டியதுதான். வெயிலுக்கு முகம் மூடித் தொப்பி போட்ட பெண்கள் பக்கத்தில் மட்டைப் பையோடு நிற்பார்கள். நம்மை ஏற்றிக்கொண்டு ஏர்பஸ் உறுமியபடி கடந்து போகும். விளக்கு மாறியதும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். உள்ளே நாம் சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, வெளியே ஒரு பெரியவர் பந்து எந்தப் பக்கம் போனது என்று தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு நாட்டுக்குள் நுழைய இதைவிடக் கலகலப்பான வழியை நான் பார்த்ததில்லை.

இது யார் செய்த வேலை என்றால், விமானப்படை. மைதானத்தின் பெயர் காந்தரட், சொந்தக்காரர் தாய்லாந்து விமானப்படை. டான் முவாங்கே முதலில் அவர்கள் வீடுதான். 1914 மார்ச் 8ஆம் தேதி இங்கே முதல் விமானங்கள் வந்திறங்கின. பிரான்சுக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்த ராணுவ அதிகாரிகள், அதற்கு முன் நகரத்துக்குள் இருந்த ஒரு பந்தயத் திடலில்தான் பறந்து பார்த்தார்கள். அந்த இடம் சின்னது, மழை வந்தால் தண்ணீர் தேங்கும். 'மேடாகப் பார்த்து ஒரு இடம் பிடிப்போம்' என்று வடக்கே வந்து பிடித்த இடம் டான் முவாங். அந்த மேட்டின் கதைக்கு அப்புறம் வருகிறேன், அதில் ஒரு பெரிய தமாஷ் இருக்கிறது. விரிவாக்கத்துக்காக கோல்ஃப் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சும் அவ்வப்போது அடிபடுகிறது. ஆகவே சீக்கிரம் போய்ப் பார்த்துவிடுங்கள்.

பாங்காக்குக்கு இரண்டு வாசல் என்பதே பலருக்கு டிக்கெட் போட்ட பிறகுதான் தெரிகிறது. சென்னையிலிருந்து தாய் ஏர்ஏசியாவில் போனால் டான் முவாங்கில் இறக்கிவிடும். தாய் ஏர்வேஸும் இண்டிகோவும் சுவர்ணபூமியில் இறக்கும். டிக்கெட்டில் 'டி.எம்.கே.' என்று இருந்தால் பழசு, 'பி.கே.கே.' என்றால் புதுசு. முன்னது நகரத்துக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டர், பின்னது கிழக்கே சுமார் 30. இரண்டுக்கும் நடுவே பாங்காக்கின் போக்குவரத்து நெரிசல்!

சுவாரசியம் என்னவென்றால், 'பி.கே.கே.' என்ற எழுத்துகள் முன்பு டான் முவாங்குடையவை. 2006 செப்டம்பர் 28 அன்று சுவர்ணபூமி திறந்தபோது பெயர்ப்பலகை, எழுத்துக்குறி, வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் ஒரே இரவில் இடம் மாறின. அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் நாட்டில் ராணுவப் புரட்சி நடந்திருந்தது. டாங்கிகள் வீதியில் நிற்க, மறு வாரமே விமான நிலையத்தை மூட்டை கட்டிக் குடிமாற்றியிருக்கிறார்கள். அந்தத் தைரியத்துக்கு ஒரு சல்யூட்! டான் முவாங்குக்கு ஓய்வு கொடுத்தாயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் புது இடத்தில் விமானங்கள் உருண்டு போகும் பாதைகளில் விரிசல் விழ, 2007 மார்ச்சில் உள்நாட்டு விமானங்களுக்காகப் பழசைத் திரும்பத் திறந்தார்கள். சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்து ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, மாமியாரை மறுபடி அடுப்படிக்குக் கூப்பிட்ட கதைதான். 2012 அக்டோபரில் ஏர்ஏசியா மொத்தமாக அங்கே குடிபோனது. மாமியார் இன்றுவரை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. 2019இல் மட்டும் அவர் வழியே போய்வந்தவர்கள் 4.1 கோடிப் பேர். மருமகள் பக்கம் 6.5 கோடி.

இப்போது சுவர்ணபூமிக்குள் எட்டிப் பார்ப்போம். மன்னர் பூமிபோல் இந்தப் பெயரை வைப்பதற்கு முன், இந்த நிலத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் 'நாகப்பாம்புச் சதுப்பு'. நிலத்தை வாங்கியது 1973இல், நிலையம் திறந்தது 2006இல். நடுவில் போன முப்பது சொச்சம் வருஷம் பாம்புகளுக்குத்தான் யோகம். திறப்பதற்கு முன்னால் 99 பிக்குகளை வரவழைத்து, நிலத்து ஆவிகளைச் சமாதானப்படுத்த மந்திரம் ஓதவைத்தார்கள். உலகத்தரக் கட்டடம், ஜெர்மன்-அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஹெல்முட் யான், 132 மீட்டர் உயரக் கட்டுப்பாட்டுக் கோபுரம், எல்லாம் சரி. ஆவிகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படித் தொடங்குவது? நம்மூரில் பூமி பூஜை போடாமல் ஒரு ஷட்டர் கடையாவது திறக்கிறோமா!

இங்கே நான் வாய் பிளந்து நின்றது கோபுரத்தைப் பார்த்து இல்லை, தரையைப் பார்த்து. அவ்வளவு உயரக் கண்ணாடிக் கூடத்தை வெயில் ஊரில் எப்படி ஏசி போட்டுக் கட்டுப்படியாக்குகிறார்கள் என்று யோசித்தது உண்டா? கூடம் முழுவதையும் அவர்கள் குளிரவைப்பதே இல்லை. தரைக்கு அடியில் குழாய்களில் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது. ஆள் நடமாடுகிற உயரம் வரைக்கும் சில்லென்று இருக்கும், அதற்கு மேலே கூரை வரை சூடு பாட்டுக்குச் சூடாக இருந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த முறை விமானம் தாமதமானால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். யாராவது முறைத்தால் நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

மேட்டின் தமாஷ் என்றேனே, அது 2011 அக்டோபரில் நடந்தது. பெருவெள்ளம் வடக்கிலிருந்து பாங்காக்கை நோக்கி இறங்கி வருகிறது. அரசாங்கம் வெள்ள நிவாரணத் தலைமையகத்தை எங்கே வைத்தது? டான் முவாங் விமான நிலையத்தில்! மேடான இடமாச்சே. வெள்ளம் நேராக அங்கேயே வந்தது. ரன்வே மூழ்கியது, நிறுத்தியிருந்த விமானங்கள் தண்ணீருக்குள் நின்றன, நிவாரணத் தலைமையகமே நிவாரணம் தேடி வேறு இடத்துக்கு ஓடியது. டான் முவாங் மறுபடி திறக்க 2012 மார்ச் ஆயிற்று. அதே வெள்ளத்தில் பாம்புச் சதுப்பில் கட்டிய சுவர்ணபூமி? சொட்டுத் தண்ணீர் நுழையாமல் ஓடிக்கொண்டிருந்தது! சதுப்பு என்று தெரிந்தே கட்டியதால் சுற்றிலும் கரை எழுப்பி, உள்ளே குளம் வெட்டி, பம்பு வைத்து எப்போதும் தயாராக இருந்தார்கள். மேடு என்று நம்பியவர்கள் மூழ்கினார்கள், பள்ளம் என்று பயந்தவர்கள் தப்பித்தார்கள். (சுவர்ணபூமிக்கும் முடங்கிய நாள் உண்டு. 2008 நவம்பர் கடைசியில் மஞ்சள் சட்டைப் போராட்டக்காரர்கள் இரண்டு நிலையங்களையும் ஒருசேரப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தண்ணீரைத் தடுத்த கரையால் மனிதரைத் தடுக்க முடியவில்லை.)

சரி, எதில் போவது?

விலை மட்டும்தான் கணக்கு என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை, மலிவானதைப் போடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை என்றால் என் சிபாரிசு இது: போகும்போது டான் முவாங், திரும்பும்போது சுவர்ணபூமி. பட்ஜெட் விமானங்களில் ஒரு வழி டிக்கெட் தனித்தனியாகப் போடலாம் என்பதால் இது நடக்கிற காரியம்தான்.

காரணம், டான் முவாங்கின் அழகெல்லாம் இறங்குகிறவருக்கு, சுவர்ணபூமியின் அழகெல்லாம் கிளம்புகிறவருக்கு. சுவர்ணபூமியில் வந்து இறங்கினால் உங்களை இரண்டாம் தளத்தில் வெளியே தள்ளிவிடுவார்கள். நீண்ட நடை, இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, அவ்வளவுதான். கிளம்பிப் போகிறவருக்கோ நாலாம் தளத்தில் ராஜ மரியாதை. செக்-இன் கூடத்தில் ஆளுயரத்தைப் போல் பல மடங்கில், கோரைப்பல்லோடு, கதையை ஊன்றிக்கொண்டு யட்சர்கள் நிற்பார்கள், மொத்தம் 12 பேர். லக்கேஜ் எடை கூடிப்போய் பையைத் திறந்து துணியை மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்தால், பச்சை முகத்து அரக்கர் ஒருவர் மேலிருந்து உங்கள் பனியனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இமிக்ரேஷன் தாண்டினால்தான் நிஜமான காட்சி: பாற்கடலைக் கடைகிறார்கள்! பத்தடி இருபதடி இல்லை, கூடத்தின் குறுக்கே நீளமாக, கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில். அடியில் ஆமை, அதன்மேல் மந்தர மலை, உச்சியில் திருமால், மலையைச் சுற்றி வாசுகி. ஒரு பக்கம் தேவர்கள் இழுக்க, மறு பக்கம் அசுரர்கள் இழுக்க, நடுவில் செல்ஃபி எடுக்கும் உலக மக்கள். வெள்ளைக்காரப் பயணிகள் 'ஏதோ பாம்பு இழுக்கிற போட்டி' என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கதை முழுசாகத் தெரியும். அமுதம், ஆலகாலம் இரண்டும் பக்கத்து டூட்டி ஃப்ரீயில் பாட்டிலில் கிடைக்கிறது.

இன்னொரு ரகசியம் பசித்தவர்களுக்கு. இமிக்ரேஷனுக்குப் போகும் முன் மூன்றாம் தளத்தில் உணவகங்களைப் பார்த்து விலைப் பட்டியலிலேயே வயிறு நிறைந்துவிட்டால், லிஃப்டில் முதல் தளத்துக்கு இறங்கி 8ஆம் எண் வாசல் பக்கம் போங்கள். 'மேஜிக் ஃபுட் பாயின்ட்' என்று ஒரு கூடம். ஊழியர்கள் சாப்பிடுகிற இடம். வாசலில் பணம் கட்டி கூப்பன் வாங்க வேண்டும், மிச்சத்தைத் திரும்பக் கொடுத்தால் காசு தருவார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு பெட்டி தூக்குகிறவர், செக்யூரிட்டிக்காரர், டாக்ஸி டிரைவர் எல்லோரும் தட்டு ஏந்தி நிற்கிற வரிசையில் நீங்களும் நிற்கலாம். நகரத்து விலைக்குச் சோறு. சைவக்காரர்கள் தாய்லாந்தில் எங்கே போனாலும் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தைத் தேடுங்கள், 'ஜே' என்று வாசிப்பார்கள். அங்கே மீன் சாஸ் இருக்காது, ஆனால் வெங்காயம் பூண்டும் இருக்காது. நம் ஏகாதசிச் சமையல் பழகிய நாக்குக்குப் பிரச்சினையே இல்லை.

தங்கும் இடமும் கணக்கில் வரவேண்டும். துணி வாங்கப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் பிரதுனாமில் தங்குவார்கள். சுவர்ணபூமியின் அடித்தளத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ராச்சப்ராரோப் நிலையத்தில் இறங்கினால் பிரதுனாம் நடக்கிற தூரம். கடைசி நிலையமான பயா தாய் வரைக்குமே 45 பாட்தான். பட்டாயா என்றால் யோசிக்கவே வேண்டாம், சுவர்ணபூமியின் முதல் தளத்திலேயே பஸ் கிடைக்கும். அயுத்தயா போகிறவர்களுக்கு டான் முவாங் வரப்பிரசாதம். டெர்மினலுக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் ரயில் நிலையம், வடக்கே போகிற வண்டியில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய தலைநகரம். சத்துசாக் சந்தைக்கும் டான் முவாங்தான் கிட்டே, ஏ1 பஸ் நேராக மோ சிட்டில் விட்டுவிடும்.

சுவர்ணபூமியிலிருந்து கிளம்பும் ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும், விடியும்போதுதான் திரும்ப ஓடும். நடுவில் இறங்கினால் டாக்ஸிதான். சுவர்ணபூமியில் முதல் தளத்தில் ஒரு மெஷின் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், அதில் ஒரு எண். அந்த எண் போட்ட இடத்தில் நிற்கிற வண்டிதான் உங்களுடையது, பேரம் கிடையாது, மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். விமான நிலையத்துக்காகக் கூடுதலாக 50 பாட்டும், டோல் கட்டணமும் நம் தலையில். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், ஏதாவது புகார் சொல்ல வேண்டிவந்தால் அதுதான் ஆதாரம்.

ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டிய டிக்கெட் போட்டுவிட்டால் பயப்பட வேண்டாம், இரண்டுக்கும் நடுவே இலவச பஸ் ஓடுகிறது. அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் காட்டினால் ஏற்றிக்கொள்வார்கள். காலியான சாலையில் ஒரு மணி நேரப் பயணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் அது எத்தனை மணி நேரம் என்பதை டிரைவர்கூட முன்கூட்டிச் சொல்லமாட்டார். ஆகவே நடுவில் ஐந்து மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள். ஊருக்குள்ளிருந்து கிளம்பும்போது டாக்ஸிக்காரரிடம் 'ஏர்போர்ட்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடித் தூங்கிவிடாதீர்கள். 'டான் முவாங்' என்றோ 'சுவன்னபூம்' என்றோ பெயர் சொல்லி, அவர் திருப்பிச் சொல்வதையும் காதில் வாங்கிக்கொண்டு, அப்புறம் தூங்குங்கள்.