ஃப்ளாப்பி கேம் கேசட்டில் ஏறும் அழகு!

கொமடோர் 64 கம்ப்யூட்டரின் கேம் பதிவான கேசட்டைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டிருக்கிறீர்களா? முதல் பத்து விநாடி ஒரே சுருதியில் ‘கீ...’ என்று நீளும். அப்புறம் குரல் உடைந்து கரகரக்க ஆரம்பிக்கும். அந்தக் கரகரப்புதான் கேம்! ராக்கெட், பூதம், குதிக்கிற ஆள், பின்னணி இசை, ஸ்கோர் எல்லாமே அதற்குள் இருக்கின்றன. ஃப்ளாப்பியில் கிடந்த ஒரு கேமை எடுத்து இப்படிச் சத்தமாக மாற்றுகிறார்களே, பழைய கம்ப்யூட்டர் உலகத்தில் அதைவிட எனக்குப் பிடித்த வேலை வேறு இல்லை. வாருங்கள், மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிடலாம்.

ஃப்ளாப்பி இருக்கும்போது கேசட்டுக்கு ஏன் போக வேண்டும்? எல்லாம் காசுதான். 1982இல் அமெரிக்காவில் வெளிவந்த கொமடோர் 64க்கு அங்கே 1541 என்ற ஃப்ளாப்பி டிரைவையும் சேர்த்து வாங்கினார்கள். அந்த டிரைவின் விலையோ கிட்டத்தட்ட கம்ப்யூட்டரின் விலை! பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது டேட்டாசெட் என்ற கேசட் பெட்டிதான். மாஸ்டர்ட்ரானிக் நிறுவனம் 1.99 பவுண்டுக்கு கேம் கேசட் விற்றுக்கொண்டிருந்த ஊர் அது. அமெரிக்க ஃப்ளாப்பி கேம்கள் அந்தப் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து கேசட்டுக்கு மாற்றியாக வேண்டும். பர்மிங்ஹாமில் 1984இல் தொடங்கிய யு.எஸ். கோல்ட் நிறுவனம், அமெரிக்க கேம்களை உரிமம் வாங்கி இப்படிக் கொண்டுவருவதையே தொழிலாக நடத்தியது.

முதலில் சுலபமான வேலையைப் பார்ப்போம். ஒரே ஃபைலில் அடங்கிய சின்ன கேம். டிரைவின் எண் 8. கேசட்டின் எண் 1. ‘லோட்’ என்று அடித்து, கேமின் பெயரைப் போட்டு, 8 போட்டால் ஃப்ளாப்பியிலிருந்து மெமரிக்கு வந்துவிடும். அடுத்து ‘சேவ்’ என்று பெயரை மட்டும் அடித்தால் போதும். எண் எதுவும் போடாவிட்டால் கொமடோர் தானாகவே கேசட்டைத்தான் தேடிப் போகும். ரெக்கார்டையும் ப்ளேயையும் அழுத்தச் சொல்லித் திரை கேட்கும். இங்கே ஒரு ரகசியம்: ஏதோ ஒரு பட்டன் அமுங்கியிருக்கிறது என்பது மட்டும்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும், எந்தப் பட்டன் என்று தெரியாது. ப்ளேயை மட்டும் அழுத்தினாலும் நம்மை நம்பி முழு கேமையும் அனுப்பிவிடும். டேப்பில் ஒன்றுமே ஏறியிருக்காது!

பதிவு தொடங்கியதும் திரை வெறும் நிறமாகிவிடும். பயப்பட வேண்டாம். படம் வரைகிற சிப், அடிக்கடி பிராசஸரை ஒரு கணம் நிறுத்திவைத்து மெமரியைப் படிக்கும். டேப் வேலையில் மைக்ரோவிநாடிக் கணக்கு முக்கியம் என்பதால், அந்த இடைஞ்சல் வேண்டாமென்று திரையையே அணைத்துவிடுகிறார்கள்.

டேப்பில் என்னதான் எழுதுகிறது? குட்டை, நடுத்தரம், நெட்டை என்று மூன்றே மூன்று துடிப்புகள். குட்டைக்குப் பின் நடுத்தரம் வந்தால் பூஜ்யம். நடுத்தரத்துக்குப் பின் குட்டை வந்தால் ஒன்று. நெட்டை வந்தால் புது பைட் பிறக்கிறது. எனக்குச் சிலிர்ப்பூட்டும் இடம் இதற்கடுத்து வருகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் 9, 8, 7 என்று 1 வரைக்கும் இறங்குவரிசையில் எண்ணியபடியே டேப் ஓடுகிறது, ராக்கெட் ஏவுகிற மாதிரியே! எண்ணி முடித்த பிறகுதான் கேமின் முதல் பைட். எங்காவது டேப் தேய்ந்திருந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதுகிறது. அதனால்தான் அந்த ஆமை வேகம்: விநாடிக்கு ஐம்பது பைட்டுக்குக் கொஞ்சம் மேலே. 38 கிலோபைட் கேம் ஏறி முடிக்க 11, 12 நிமிடம் ஆகும்.

இந்த இடத்தில்தான் டர்போ வருகிறது! டர்போ டேப் 64 போன்ற புரோகிராம்கள் மூன்று துடிப்பை இரண்டாகக் குறைத்து, இரட்டைப் பதிவையும் தூக்கி எறிந்துவிட்டன. வேகம் விநாடிக்கு 450 பைட்டைத் தாண்டிவிட்டது. 1541 டிரைவின் சாதாரண வேகமே விநாடிக்கு 400 பைட் வாக்கில்தான். ஆக, விலை குறைந்த கேசட், விலை உயர்ந்த ஃப்ளாப்பியை ஓட்டத்தில் ஜெயித்துவிட்டது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கை தட்டத் தோன்றியது.

வேகம் வந்ததும் குறும்பும் வந்தது. ஏறும் நேரத்தில் திரையின் ஓரமெல்லாம் வண்ணப் பட்டைகள் ஓடின. மான்செஸ்டரின் ஓஷன் நிறுவனம், கேம் ஏறும்போதே இசை வாசிக்கும் லோடரை வைத்தது. அதற்கு மார்ட்டின் கால்வே போட்ட மெட்டுகளை இன்றைக்கும் ரசிகர்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ‘இன்வேட்-எ-லோட்’ என்பது இன்னும் ஒருபடி மேலே: பெரிய கேம் ஏறுகிற வரைக்கும் நீங்கள் ஒரு சின்ன கேம் ஆடிக்கொண்டிருக்கலாம்!

சரி, இனி நிஜமான மல்யுத்தம். ஃப்ளாப்பியில் 35 தடங்கள், 683 பிளாக்குகள். டிரைவின் தலை நினைத்த இடத்துக்குத் தாவும். டேப் அப்படியல்ல, கல்யாணப் பந்தி மாதிரி: பாயசம் அதன் முறை வரும்போதுதான் இலைக்கு வரும். எபிக்ஸ் நிறுவனத்தின் 1985ஆம் ஆண்டு கேம் ‘விண்டர் கேம்ஸ்’ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பனிச்சறுக்குத் தாவல், பாப்ஸ்லெட், ஸ்கேட்டிங் என்று தனித்தனிப் போட்டிகள். ஃப்ளாப்பியில் கேட்டதைக் கேட்டவுடன் கொடுக்கலாம். கேசட்டில் ஒவ்வொரு போட்டியையும் வெட்டி, ஆடுகிற வரிசையிலேயே அடுக்கி, ஒன்று முடிந்ததும் டேப் ஓடி அடுத்ததை ஏற்றும்படி செய்ய வேண்டும். மோட்டாரை ஓடவைப்பதும் நிறுத்துவதும் கம்ப்யூட்டரின் கையில் இருப்பதால்தான் இது சாத்தியம். டேட்டாசெட்டின் மூன்று இலக்க கவுண்ட்டரில் எந்தப் போட்டி எந்த எண்ணில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டியது ஆடுகிறவரின் பொறுப்பு.

வெட்டி அடுக்குவதோடு வேலை முடியாது. கேமுக்குள் எங்கெல்லாம் 8ஆம் எண்ணை அழைக்கிறது என்று தேடித் தேடி மாற்ற வேண்டும். இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. 1541 டிரைவுக்குள்ளேயே சொந்தமாக ஒரு 6502 பிராசஸரும் 2 கிலோபைட் மெமரியும் இருக்கின்றன, அதுவே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்! பல அமெரிக்க கேம்கள் வேகத்துக்காகத் தங்கள் நிரலில் ஒரு துண்டை டிரைவுக்குள் அனுப்பி அங்கேயே ஓடவிடும். கேசட் பெட்டியிலோ மூளை கிடையாது. அந்தத் துண்டைப் பிடுங்கிவிட்டு, அதன் வேலையை வேறு வழியில் செய்ய வைக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் பெயர்கூட வராமல் இதைச் செய்து முடித்தவர்கள் பலர். கேமை எழுதியவர்களுக்குச் சமமாக அவர்களையும் கொண்டாட வேண்டும் என்பது என் கட்சி.

வீட்டில் இதைச் செய்ய ஆசைப்பட்டவர்களுக்கு ‘ஆக்‌ஷன் ரீப்ளே’ கார்ட்ரிட்ஜ் இருந்தது. கேம் ஓடும்போது பட்டனை அழுத்தினால் பூதம் அந்தரத்தில் நிற்கும், குண்டு பாதி வழியில் நிற்கும். மெமரி மொத்தத்தையும் அப்படியே கேசட்டில் இறக்கிக்கொள்ளலாம். ஆடும்போது மறுபடி ஃப்ளாப்பியைத் தேடுகிற கேம்களிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது. 1987இல் வந்த ‘மேனியாக் மேன்ஷன்’ அப்படிப்பட்டது. அறைக்கு அறை ஃப்ளாப்பியில் தாவிக்கொண்டே இருக்கும். கொமடோருக்கு அதை ஃப்ளாப்பியில் மட்டும்தான் விற்றார்கள்.

உங்களிடம் கொமடோரும் டேட்டாசெட்டும் இருந்தால் இந்த வார இறுதியிலேயே ஒரு சின்ன கேமில் கை வையுங்கள். 90 நிமிட கேசட் வேண்டாம், அதன் டேப் மெல்லியது. குறைந்த நீளமுள்ள சாதாரண ஃபெரிக் கேசட்டே போதும். டேட்டாசெட்டின் தலையைப் பஞ்சால் துடைத்துவிட்டுப் பதியுங்கள். திருப்பி ஏற்றும்போது தகராறு செய்தால், மூடியிலுள்ள சின்னத் துளை வழியாக மெல்லிய திருப்புளியை விட்டுத் தலையின் சாய்வை மயிரிழை அளவு சரிசெய்யலாம். ஒருமுறை ஏற்றி ஆடிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று உறுதியானதும் கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னத் தகடுகளையும் உடைத்துவிடுங்கள். அப்புறம் யாரும் தெரியாமல்கூட அதன்மேல் பாட்டுப் பதிய முடியாது.