வேட்பாளர்

தேர்தல் நெருங்கிவிட்டால் கோபாலபுரத்தை ஒட்டிய அவ்வை சண்முகம் சாலையில் கார்கள் வந்து குவியும். அங்குள்ள அ.தி.மு.க. தலைமை அலுவலகத்தில் ‘விருப்ப மனு’ கொடுக்க வருவோரின் கூட்டம் அது. கோபாலபுரத்திலேயே கலைஞர் கருணாநிதி வாழ்ந்த இல்லம் இருக்கிறது. 1957-இல் குளித்தலையில் தொடங்கி 2016-இல் திருவாரூர் வரை 13 முறை சட்டமன்றத்திற்குப் போட்டியிட்டு, ஒரு முறையும் தோற்காதவர் அவர். வேட்பாளர் என்னும் சொல்லை ஆராய இது பொருத்தமான வட்டாரந்தான்.

வேட்பு என்றால் விருப்பம். வேட்கையும் அதன் உறவே. வேட்பாளர் என்பார் பதவியை விரும்புகிறவர். முன்னாளில் ‘அபேட்சகர்’ என்று எழுதினார்கள். அபேட்சை என்பதும் விருப்பமே. வடசொல் போய்த் தமிழ்ச்சொல் வந்தது. ஆசை மட்டும் இடம் பெயரவில்லை! ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீன்; வெண்ணிற ஆடை அணிந்தவர் என்று பொருள். பண்டைய ரோமாபுரியில் பதவி நாடுவோர் வெளுத்த அங்கியோடு மக்கள் முன் வந்தார்கள். நம்மூர் வெள்ளை வேட்டி நினைவுக்கு வருகிறதல்லவா?

இங்கேதான் நமக்கொரு கேள்வி எழுகிறது. பதவியைக் கேட்டுப் பெற்றால் அதன் சுமையோடு தனித்து விடப்படுவீர். கேளாமல் வந்தால் இறையுதவி கிட்டும் என்ற கருத்தில், அப்துர் ரஹ்மான் பின் சமுரா (ரலி) அவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை புகாரி ஷரீஃபில் காண்கிறோம். இன்றைய சட்டமோ, வேட்பு மனுவில் தாமே கையொப்பமிட்டு இசையாத எவரையும் தேர்தலில் நிறுத்துவதில்லை. சோழர் கால உத்திரமேரூரில் இச்சிக்கல் இல்லை. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள்.

அப்படியானால் முஸ்லிம்கள் ஒதுங்கிக்கொள்வதா? நபி யூசுஃப் (அலை) அவர்கள், களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் தருமாறு மன்னரிடம் தாமே கேட்டதை அருள்மறை (12:55) கூறுகிறது. பேணிக் காப்பவன், விவரம் அறிந்தவன் என்று காரணமும் சொன்னார்கள். பஞ்சம் வரவிருந்த நாடு அது. வேட்கையால் கேட்பது வேறு, தேவை கண்டு முன்வருவது வேறு என்று மார்க்க அறிஞர்கள் இவ்விரண்டையும் இணைத்து விளக்குகிறார்கள்.

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்து மஞ்சேரியில் வென்று நாடாளுமன்றம் சென்றார்கள். மனுவில் கையொப்பமிட்டதோடு சரி, தொகுதிக்குப் போய் வாக்குக் கேட்டதில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1972 ஏப்ரலில் மறைந்த அவர்களின் அடக்கத்தலம், கோபாலபுரத்திற்குச் சற்றுத் தொலைவில், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் இருக்கிறது.