பேசாத பிள்ளை

இடம்பெயர்ந்து வந்த பிள்ளை வகுப்பில் பேசாதிருந்தால் 'மந்தம்' என்று சொல்லிவிடுகிறோம். நித்திரையில்லாத, பயந்த பிள்ளையும் அப்படித்தான் இருக்கும். மட்டக்களப்பில் 1996 இல் ஆரம்பமான வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா இதற்கு ஒரு வழி காட்டியது. கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதன் முன்னோடிகள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாக வந்தார்கள். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாமல் களிமண், வர்ணம், கதை, நாடகம், வளர்ப்புப் பிராணிகள் என்று விளையாட விட்டார்கள். பிள்ளையின் மனதிலுள்ளது கைவழியே வெளிவந்தது. பூங்கா அமைக்க எல்லாப் பாடசாலைக்கும் வசதியில்லைத்தான். ஆனால் களிமண்ணுக்குக் காசு வேண்டியதில்லை, குளத்தடியிலேயே கிடக்கிறது. பிரம்பைக் கீழே வைப்பதற்கும் செலவில்லை. பெற்றோரே, பிள்ளை இரவில் திடுக்கிட்டெழுந்தாலோ பாயை நனைத்தாலோ ஏசாதீர்கள். வகுப்பாசிரியரிடம் போய், மற்றப் பிள்ளைகள் கேளாதபடி, சொல்லி வையுங்கள்.