பள்ளிக்கூடத்தில் ஒரு புழுச்சட்டி

ஜோகூரின் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றாம் ஆண்டு மாணவர்களோடு சேர்ந்து மண்புழு உரம் தயாரிக்க ஆசைப்படுகிறார். குறுக்கே இரண்டு தடைகள். புழுவைத் தொட்டால் வயிற்றுக்குள் போய்விடும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். வகுப்பறை நாறும் என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள்.

பிள்ளைகளின் பயத்துக்குக் காரணம் நாம்தான். பூச்சி மாத்திரை கொடுக்கும்போது சொல்லிவைத்த குடற்புழுவையும் மண்ணில் நெளியும் புழுவையும் அவர்கள் ஒன்றென்றே நினைக்கிறார்கள். குடற்புழு உடலுக்குள் பிழைக்கப் பழகியது. மண்புழுவுக்கு நம் வயிறு ஆகாது. அதற்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியாகவே மூச்சுவிடுகிறது. தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். தொட்டுப் பார்த்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

நாற்றம் வந்தால் அது புழுவின் குற்றமாக இருக்காது, பெரும்பாலும் நம் அவசரத்தின் குற்றம். மண்புழுவுக்குப் பல் இல்லை. நாம் போடும் பப்பாளித் தோலை அது அப்படியே கடித்துத் தின்பதில்லை. முதலில் பூஞ்சையும் நுண்ணுயிரும் அதை மென்மையாக்க வேண்டும். பிறகு புழு அந்தக் கூழை நுண்ணுயிர்களோடு சேர்த்து விழுங்கி, அரைவைப்பையிலுள்ள மணல் துணுக்குகளால் அரைத்துக்கொள்ளும். நேற்றுப் போட்டது தீருமுன் இன்று மறுபடி கொட்டினால், காற்றுப் புகாத அடியில் அது அழுகி நாறும். கொஞ்சமாகப் போட்டு, மேலே காய்ந்த இலையும் கிழித்த செய்தித்தாளும் மூடிவைத்தால் மழை பெய்த மண்வாசம்தான் வரும்.

ஆயர் ஈத்தாம்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஊரே மண்பாண்டங்களுக்குப் பேர்போனது, சாலையோரக் கடைகளில் பூச்சட்டிகள் அடுக்கியிருக்கும். மெருகு பூசாத, வாய் அகன்ற, அடியில் துளையுள்ள சட்டி ஒன்று வாங்குங்கள். அதன் சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி தங்கும். ஜோகூர் வெயிலுக்கு மூடிய பிளாஸ்டிக் வாளியைவிட இது நல்லது. சட்டியை நிழலில் வையுங்கள். தேங்காய் நாரும் காகிதமும் நனைத்துப் படுக்கை போடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு நீர் வரவேண்டும், அதற்குமேல் கூடாது. வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு, தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டை ஓடு எல்லாம் போடலாம். சிற்றுண்டிச்சாலையில் மிஞ்சும் நாசி லெமாக், சம்பால், குழம்பு எதுவும் வேண்டாம். உப்பும் எண்ணெயும் காரமும் புழுவின் தோலுக்குப் பகை.

தோட்டத்தைக் கொத்தி எடுத்த புழுவைச் சட்டியில் விடாதீர்கள். ஆழ மண்ணில் வளை தோண்டி வாழும் இனம் அங்கே தங்காது. குப்பைக்கு ஏற்றவை சாணக் குவியலிலும் மட்கும் இலைகளுக்கு அடியிலும் மேலாக வாழ்பவை. சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுவைத் தேடி அலையாமல் நம் மண்ணின் புழுக்களையே பயன்படுத்தலாம் என்று பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருபவர். வகுப்பறையில் புழு வளர்ப்பது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயிரியல் ஆசிரியராக இருந்த மேரி ஆப்பெல்ஹாஃப், சமையலறைக் கழிவைப் புழுக்களுக்குக் கொடுப்பது பற்றி 1982-இல் ஒரு சிறு நூல் எழுதினார். பிறகு வகுப்பறைக்கென்றே ஒரு பாடநூலையும் மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். அதற்கும் நூறாண்டு முன்பு, 1881-இல், சார்ல்ஸ் டார்வின் தம் கடைசி நூலை மண்புழுக்களைப் பற்றியே எழுதினார். வீட்டுக்குள் சட்டிகளில் புழுக்களை வளர்த்து, அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று பியானோ இசையைக் கொண்டு சோதித்தார். இசை அவற்றுக்குக் கேட்கவில்லை. சட்டியைப் பியானோ மேலேயே வைத்தபோது அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடின. பள்ளிப் பிள்ளைகளும் செய்து பார்க்கக்கூடிய ஆராய்ச்சி இது.

எனக்கு மண்புழுவிடம் மிகப் பிடித்தது அதன் முட்டைக்கூடு. வளர்ந்த புழுவின் உடலில், தலைக்குச் சற்றுத் தள்ளி, தடித்த பட்டை ஒன்று இருக்கும். ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும், பெரும்பாலான இனங்களில் இரண்டு சேர்ந்துதான் விந்தணுவைப் பரிமாறிக்கொள்கின்றன. உரச்சட்டிகளில் அதிகம் வளர்க்கப்படும் செம்புழுவை எடுத்துக்கொள்வோம். சேர்க்கைக்குப் பிறகு அந்தப் பட்டையிலிருந்து பசை ஊறி, உடலைச் சுற்றி ஒரு வளையமாகக் கெட்டிப்படும். புழு மெல்லப் பின்வாங்கி அந்த வளையத்திலிருந்து தன்னை உருவிக்கொள்ளும். நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் அப்பா பால்வெட்டு முடித்து வந்ததும் நனைந்த பனியனைத் தலைவழியே கழற்றுவார், அதே மாதிரி. வளையம் தலையை நோக்கி நகரும் வழியில் முதலில் முட்டைகளை ஏந்திக்கொள்ளும். இன்னும் சற்று முன்னே, துணைப்புழுவிடம் வாங்கிச் சேமித்துவைத்த விந்தணுவையும் வாங்கிக்கொள்ளும். தலையைக் கடந்து விழுந்ததும் இரண்டு முனையும் சுருங்கி மூடிக்கொள்ளும். கருவுறுதல் நடப்பது அந்தக் கூட்டுக்குள்தான், தாயின் உடலுக்கு வெளியே.

கூடு ஒரு நெல்மணியைவிடச் சிறியது, இருமுனையும் கூரான எலுமிச்சை வடிவம். முதலில் வெளிர் மஞ்சளாக இருக்கும். நாள் ஆக ஆகச் செம்பழுப்பாகும். பிறகு சில வாரங்களில் நூல்போன்ற வெள்ளைக் குஞ்சுகள் வெளியே வரும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்தால் எட்டு வயதுப் பிள்ளை இதைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும். இடமும் உணவும் குறைந்தால் புழுக்கள் கூடிடுவதையும் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே சட்டியில் கூடுகள் தென்படுவது, வகுப்பு தன் பொறுப்பைச் சரியாகச் செய்கிறது என்பதற்குச் சான்று. வேறெந்த மதிப்பெண்ணும் அதைவிட உண்மையாக இருக்காது.

இதையெல்லாம் ஏன் சிறுவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்? ஜோகூரில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். காகிதமும் பிளாஸ்டிக்கும் புட்டியும் தனியாகப் போகின்றன. சமையலறைக் கழிவு பெரும்பாலும் பழையபடியே குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. மண்ணுக்கடியில் காற்றில்லாமல் புதையும் சோறும் காய்கறியும் மீத்தேன் வாயுவாகவும் கரிய கசிவுநீராகவும் திரும்பி வருகின்றன. ஆயர் ஈத்தாமிலிருந்து வெகுதூரம் இல்லாத சிம்பாங் ரெங்கத்தில், குப்பைமேட்டுக் கசிவுநீர் பெனுட் ஆற்றில் கலந்து அம்மோனியா கூடியதால் மக்களின் குடிநீரே தடைபட்டது. நாம் நெகிழிப்பையில் கட்டி வெளியே வைத்ததோடு எதுவும் தீர்ந்துவிடவில்லை என்பதற்கு வேறு பாடம் வேண்டாம்.

வருத்தம் தரும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். போட்டிக்காக உரத்தொட்டி வைத்து, வண்ணம் பூசி, நடுவர்கள் வந்துபோன மறுவாரம் மறந்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஓர் உயிரைப் படம் எடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற தப்பான பாடத்தை அவர்கள் அங்கே கற்றுக்கொள்கிறார்கள். புழுச்சட்டியை அறிவியல் மூலையில் வைக்கும் பொருளாக எண்ணாதீர்கள். அது வளர்ப்புப் பிராணி.

எனவே ஆசிரியைக்கும், அவர் வழியே மற்றப் பள்ளிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். புழு வாங்குமுன் ஆண்டிறுதி விடுமுறைக்கு ஒரு முறைப்பட்டியல் எழுதுங்கள். எந்த வாரம் எந்த வீட்டுக்குச் சட்டி போகும், யார் தண்ணீர் தெளிப்பார்கள் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். பெற்றோர் அதில் கையெழுத்திடட்டும். அந்தப் பட்டியல் நிரம்பிய பிறகு சட்டியை வாங்குங்கள்.