அடம்பிடிக்கும் நட்டும் அவசரப்படாத கையும்

காரைப் பட்டறைக்குக் கொண்டுபோகும்போது நம் கவலையெல்லாம் பெரிய பாகங்களைப் பற்றித்தான். கியர்பாக்ஸ் போய்விட்டதா, ஏர்கோன் கம்பிரசர் மாற்ற வேண்டுமா என்று கேட்போம். ஒரு வெள்ளி கூடப் பெறாத நட்டு ஒன்று காரின் ஆயுளையே முடித்துவைக்கலாம் என்பதைக் கிள்ளானில் ஒரு பட்டறையில் அண்மையில் நேரில் பார்த்தேன்.

அப்பாவின் கார் பழைய புரோட்டோன் சாகா. 1985 ஜூலையில் நாட்டின் முதல் தேசியக் காராக அறிமுகமான அதே ரகம். அதில் இன்ஜின் தலைப்பகுதிக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் கிழிந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘டிக் டிக்’ என்று சத்தம். சாலை விளக்கில் நின்றால் காருக்குள் புகை வாடை. பின்னால் உட்காரும் அம்மாவுக்குத் தலைவலி. எக்ஸாஸ்ட் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது, ஆனால் உயிரைப் பறிக்கும். ஆகவே தள்ளிப்போட முடியாத வேலை.

கேஸ்கெட் விலை அதிகமில்லை. மாற்றுவதும் பெரிய வித்தை இல்லை. மற்ற நட்டுகள் எல்லாம் கழன்றன. கடைசி மூலையில் இருந்த ஒன்று மட்டும் அசையவில்லை.

“இதை இழுத்துப் பிடுங்கினா ஸ்டட் உள்ளேயே உடைஞ்சிரும் தம்பி. அப்புறம் ஹெட்டையே இறக்கணும். இந்தக் காருக்கு அந்தச் செலவு தாங்குமான்னு அப்பாவைக் கேட்டுக்குங்க” என்றார் பட்டறை அங்கிள். வயது அறுபதைத் தாண்டியவர். ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் லோரியும் பழுதுபார்த்துத் தொழில் கற்றவர்.

பக்கத்தில் நின்ற இளம் உதவியாளர் காற்றில் இயங்கும் இம்பேக்ட் கன்னைக் கையில் எடுத்தார். அங்கிள் தலையை மட்டும் ஆட்டினார். கன் கீழே போனது. “நாளைக்கு வரைக்கும் விடலாமா?” என்று அப்பாவிடம் கேட்டார். “விடுங்க. எனக்கு என்ன அவசரம்?” என்றார் அப்பா.

ஏன் இப்படி இறுகுகிறது?

காத்திருந்த நேரத்தில் அங்கிளிடம் கேள்விகளாகக் கேட்டேன். கேள்வி கேட்பதுதானே வானொலியில் என் பிழைப்பு!

போல்ட் என்பது உண்மையில் ஒரு ஸ்பிரிங் மாதிரி. இறுக்கும்போது மிக நுண்ணிய அளவு நீள்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப அது முயலும் இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அந்த இழுப்பாக மாறுகிறது. மீதியெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் ஏற்படும் உராய்வுக்கே போய்விடும்.

இதில் துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். மரையின் சின்ன இடைவெளிக்குள் துரு உப்பி, ஆப்பு அடித்ததுபோல் நின்றுவிடும். புகைக்குழாய் பகுதியோ தினமும் பல நூறு டிகிரி சூடேறி ஆறும் இடம். நம் ஊர் ஈரக்காற்றும் மழையும் சேர, துருவுக்குக் கொண்டாட்டம்தான்.

இந்த நிலையில் பலத்தை மட்டும் கூட்டினால் மரை அசையாது. முறுக்கு முழுவதும் போல்ட்டின் உடம்பில் ஏறி, அது முறிந்துவிடும்.

அடிமேல் அடி

அங்கிள் முதலில் கம்பி பிரஷால் மரையின் வெளிப்பக்கத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். பிறகு துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை அடித்தார். நம் வீடுகளில் எல்லாம் நீல மஞ்சள் டப்பாவில் இருக்கும் டபிள்யூடி-40 போதாதா என்று கேட்டேன். 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் அது உருவானது ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக. பெயரில் இருக்கும் 40, வெற்றி கண்ட நாற்பதாவது முயற்சியைக் குறிக்கிறது. லேசான துருவுக்கு அது உதவும். பல ஆண்டுத் துருவுக்கு, ஊடுருவுவதற்கென்றே தயாரான எண்ணெய்தான் சரி.

எண்ணெய் விட்டதும் சின்னச் சுத்தியலால் நட்டின் தலையில் மெதுவாகப் பல தடவை தட்டினார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. ஒவ்வோர் அதிர்விலும் துரு கொஞ்சம் விரிசல் விட, எண்ணெய் கொஞ்சம் உள்ளே இறங்குகிறது. அன்று மாலை மறுபடி எண்ணெய். மறுநாள் காலையில் இன்னொரு தடவை.

அடுத்தது சூடு. முதலில் எண்ணெயை நன்றாகத் துடைத்தெடுத்தார், ஏனென்றால் அது தீப்பற்றும். பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டார். தீயணைப்பு டப்பாவைப் பக்கத்தில் வைத்தார். பிறகு நட்டின் மேல் மட்டும் சிறிது நேரம் சுடரைக் காட்டினார். சூட்டில் நட்டு விரிந்து மரையின் பிடி தளரும். இந்த இன்ஜினின் தலைப்பகுதி அலுமினியம். இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியமோ நிறம் மாறாமலேயே உருகிவிடும். வீட்டில் யாரும் இதை முயல வேண்டாம்.

சூடு சற்றுத் தணிந்ததும் சாமி அறையில் ஏற்றுவதுபோன்ற சாதாரண மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து மரையில் ஒற்றினார். மெழுகு உருகி உள்ளே ஓடியது.

காதால் செய்யும் வேலை

ஸ்பேனர் பிடித்த விதத்திலும் பாடம் இருந்தது. பன்னிரண்டு முனை சாக்கெட்டை ஒதுக்கிவிட்டு ஆறு முனை சாக்கெட்டை எடுத்தார். அது நட்டின் ஆறு பக்கங்களையும் முழுதாகப் பிடிக்கும், முனை மழுங்காது. முதலில் கழற்றவில்லை. இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பினார். பிறகுதான் எதிர்ப்பக்கம்.

“போல்ட்டு பேசும் தம்பி, கேளுங்க” என்றார்.

குறுகிய ஒரு ‘டக்’ வந்தால் நல்ல செய்தி, துருவின் பிடி விட்டது. தொடர்ந்து ‘கீச்’ என்று கத்தினால் உலோகமும் உலோகமும் உரசுகின்றன. நிறுத்தி, எண்ணெய் விட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். சத்தமே இல்லாமல் கைக்கு மெத்தென்று ரப்பர்போல் இழுபட்டால், அதுதான் ஆபத்து. போல்ட் நீண்டுகொண்டிருக்கிறது, அடுத்த நொடி முறியும்.

நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ‘டக்.’

அதன் பிறகும் அவர் அவசரப்படவில்லை. கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னுமாக நகர்த்தினார். ஒரு நட்டு முழுதாக வெளியே வர இருபது நிமிடம் ஆனது. ஸ்டட் முழுசாக நின்றது. அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். அங்கிள் உதவியாளரைக் கூப்பிட்டு, அடுத்த காரின் நட்டில் அவர் கையாலேயே அதே ‘டக்’கைக் கேட்க வைத்தார்.

நம் கைக்கு எட்டும் வேலை

நம்மில் பலர் இன்ஜினைத் தொடப்போவதில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் டயர் பஞ்சராகி, சக்கர நட்டு அசையாமல் நிற்கும் நாள் யாருக்கும் வரலாம். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காரை ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்துங்கள். தூக்கிவிட்டால் சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஸ்பேனரின் கைப்பிடி இடப்பக்கம் கிடையாக இருக்கட்டும். வெட்டி இழுக்காமல், உடம்பின் எடையால் கீழ்நோக்கிச் சீராக அழுத்துங்கள். நீளமான கைப்பிடி இருந்தால் பாதி வேலை மிச்சம்: நீளம் இரட்டிப்பானால் அதே அழுத்தத்துக்கு முறுக்கும் இரட்டிப்பாகும்.

இதைவிட முக்கியம், அடுத்த முறை பட்டறையில் சக்கரம் மாட்டும்போது இம்பேக்ட் கன்னோடு முடித்துவிடாமல், டார்க் ஸ்பேனரால் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். இன்று அளவோடு இறுக்கினால்தான், நாளை சாலையோரத்தில் உங்கள் மனைவியோ மகளோ தனியாக நின்றாலும் அந்த நட்டைக் கழற்ற முடியும்.