குளிர்ந்த பசுந்தேநீர் தயாரிக்கும் முறை

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் தேயிலைச் செடி வீட்டு வேலியோரம் வரை நிற்பினும், பசுந்தேநீர் அருந்தும் வழக்கம் அங்குள்ள கமக்காரர் இல்லங்களில் அதிகம் இல்லை. அருந்திப் பார்த்தவர்களுள்ளும் சிலர் கசக்கின்றதென்று கைவிட்டுள்ளனர். கசப்பு இலையின் குற்றமன்று; கொதிநீரை அப்படியே ஊற்றி, இலையை நெடுநேரம் ஊறவிடுவதனால் விளைவது. முறையறிந்து தயாரித்து, இனிப்பூட்டிக் குளிரச் செய்தால், கோவா நடுகையின்போதும் சூடடிப்பின்போதும் களைப்பாற்றும் பானம் அது.

கறுப்புத் தேயிலையும் பசுந்தேயிலையும் ஒரே செடியின் கொழுந்துகளே. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்படப் பரப்பினால், இலையிலுள்ள நொதியங்கள் அதனைச் செந்நிறமாக்குகின்றன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலைப் பயிரைத் தொடங்கிய காலந்தொட்டு, இலங்கையில் பெரிதும் உற்பத்தியாவது இவ்வகையே. பசுந்தேயிலைக்கோ, பறித்த கொழுந்தை விரைவில் ஆவியிலோ சூடேறிய சட்டியிலோ இட்டு நொதியங்களைச் செயலிழக்கச் செய்துவிடுகின்றனர். குளிர்தேநீர் கறுப்புத் தேயிலைக்கே உரியதென எண்ணுவாருளர். ஆயின், 1879இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த மேரியன் கபெல் டைரீ வெளியிட்ட சமையல் நூலில், குளிர்தேநீருக்குப் பசுந்தேயிலையே கூறப்பட்டுள்ளது.

பசுந்தேயிலைக்கு ஏறக்குறைய 80 பாகை வெப்பமுள்ள நீர் போதுமானது. வெப்பமானி இல்லாதோர் அஞ்ச வேண்டியதில்லை. கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. ஆகவே, கொதித்த நீர் நான்கு கோப்பையுடன், முன்னரே கொதிக்கவைத்து ஆறவிட்ட நீர் ஒரு கோப்பை சேர்த்தால், வேண்டிய வெப்பம் கிடைத்துவிடும்.

இந்த ஐந்து கோப்பை நீரில் 16 கிராம், அதாவது ஏறக்குறைய எட்டுத் தேக்கரண்டி, பசுந்தேயிலையை இட்டு மூடிவைத்தல் வேண்டும். மூன்று நிமிடங்களில் வடித்துவிடுக, இலையைப் பிழியலாகாது. பின்னர் பனிக்கட்டி கரைந்து நீர்க்குமாதலால், தொடக்கத்தில் சாயம் சற்றுக் கடுமையாகவே இருத்தல் நன்று. சீனி எட்டுத் தேக்கரண்டியைச் சூடாறுமுன்னரே கலக்க வேண்டும். குளிர்ந்தபின் இட்டால் கரையாது அடியிலேயே தங்கும். கித்துள் பாணி கிடைக்குமிடத்து அதனையும் சேர்க்கலாம், நிறம் சிறிது கறுக்கும். நன்கு ஆறியபின் தேசிக்காய்ச் சாறு சிறிதும், மூன்று கோப்பையளவு பனிக்கட்டியும் சேர்க்கப்படும்.

பனிக்கட்டியிலேதான் பலர் தவறுகின்றனர். உறைதலால் நோய்க்கிருமிகள் மடிவதில்லை. மீன் அடுக்குவதற்கென விற்கப்படும் பனிக்கட்டியை எக்காரணங்கொண்டும் பானத்தில் இடலாகாது. கொதித்தாறிய நீரையே வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்துக் கொள்ளுக. அப்பெட்டி இல்லாத மலைநாட்டு வீடுகளில், தை மாதத்துப் பனியிரவில் மூடிய பாத்திரத்தில் வெளியே வைத்த கொதித்தாறிய நீர், காலையில் எப்பனிக்கட்டியையும் வேண்டாதபடி குளிர்ந்திருக்கும். அந்நீர் மூன்று கோப்பை சேர்த்தாலே போதும்.

நீர் குறைந்தது ஒரு நிமிடமேனும் தளதளவெனக் கொதித்தல் அவசியம். எனினும், மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஓடைநீரிற் கலந்த பூச்சிநாசினி கொதிக்கவைப்பதால் நீங்காது. அந்நீரை இதற்கு எடுத்தல் கூடாது. அவ்வாறே, பூச்சிநாசினிப் போத்தல்களை எத்துணைமுறை கழுவினும் அவற்றில் தேநீரை நிரப்பி வயலுக்கு எடுத்துச் செல்லலாகாது. வாய்க்காலோரம் வைத்த போத்தலைச் சிறுவர் எடுத்துக் குடிப்பதும் உண்டு.

தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள், கீரை, பருப்பு, தானியங்களிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கின்றன. இரத்தச் சோகையுள்ள பெண்களும் கருவுற்றோரும் உணவோடு தேநீர் அருந்தாது, ஒரு மணித்தியாலமேனும் இடைவெளி விடுவது நலம். சீனி சேர்ந்த பானம் வெயிலில் விரைவிற் கெடுமாதலால், காலையிற் செய்ததை அன்றே அருந்தி முடிக்க வேண்டும். தாகத்திற்கு வெறுநீரும் வேண்டும். தேநீர் அதற்கு ஈடாகாது.

வடித்த சக்கையைக் கூட்டெருக் குழியில் இடலாம்.